நின்றால் நடுங்கும் வண்டி

பிப்ரவரி 6

அண்ணா,

நீ என் நம்பரை பிளாக் செய்து பதினொரு நாள் ஆகிறது. அண்ணியிடம் முறையிட்டேன். "போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துவீங்க. எழுதிப் போடு. உங்க அண்ணன் தபால்ல வர்ற எதையும் படிக்காம கிழிக்க மாட்டாரு, கடை நோட்டீஸைக்கூட" என்றார்கள். அதனால் எழுதுகிறேன். இதில் ஒரு சௌகரியம், நீ குறுக்கே பேச முடியாது.

அன்றைக்கு நான் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, அந்த வண்டியை வாங்காதே என்பது. அதிலிருந்து நான் இறங்கி வரப் போவதில்லை. இன்னொன்று, "ஒரு ஸ்குரூ டிரைவரை ஒழுங்கா பிடிக்கத் தெரியாத கைக்கு இந்த வண்டி ஒரு கேடா?" என்றது. அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சின்ன வயதிலிருந்து உன்னை இதைவிட மோசமாக எவ்வளவோ சொல்லியிருக்கிறேன், நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். இது மட்டும் ஏன் அப்படிச் சுட்டது என்று எனக்கு விளங்கவே இல்லை.

சரி, இனி மெக்கானிக்காகப் பேசுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக ஒர்க் ஷாப் நடத்துகிறவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேள். அது பத்தொன்பது வருஷப் பழைய வண்டி. இரண்டு கதவு, ஆறு சிலிண்டர், பறப்பதற்கென்றே செய்த எஞ்சின். புதிதில் அதை வாங்கினவன் பெரிய பணக்காரன். இன்று ஒரு சாதாரணக் குடும்ப வண்டியின் விலைக்கு உனக்குக் கிடைக்கிறது. வண்டியின் விலைதான் குறைந்திருக்கிறது, அதன் பாகங்களின் விலை துளியும் குறையவில்லை. முன் டயர் ஒரு அளவு, பின் டயர் இன்னொரு அளவு, மாற்றிப் போட்டு ஒப்பேற்ற முடியாது. ஒரு ஜோடி பிரேக் டிஸ்க் விலையில் உன் பழைய சாம்பல் வண்டிக்கு முழு சர்வீஸ் செய்துவிடலாம். எஞ்சின் அறையில் கை நுழைய இடம் கிடையாது, ஒரு ரப்பர் குழாய் மாற்ற அரை நாள் கூலி. விலை கூடின பெட்ரோலைத்தான் குடிக்கும். இன்சூரன்ஸ்காரர் வண்டி பேரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்.

பின்பக்கத்தில் ஐந்து வருஷச் செலவைக் கணக்குப் போட்டிருக்கிறேன். வாங்கும் விலையைப் போல மூன்று மடங்கு வருகிறது. படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

தங்கை


பிப்ரவரி 15

வாலுக்கு,

உன் கடிதமும் வண்டியும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கடிதம் காலையில், வண்டி மாலையில். கடிதம் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தாலும் நான் வாங்கித்தான் இருப்பேன்.

கரும்பச்சை. சாவியைத் திருப்பினால் முதலில் ஒரு கனைப்பு, பிறகு அடித்தொண்டையில் ஒரு முனகல். எங்கள் தெருவின் முனையில் வளைவு இருக்கிறதே, பழைய வண்டியில் அதைக் கடக்க நான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போவேன். இது அந்த வளைவை எனக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அண்ணி, "மெதுவா, மெதுவா" என்றாள். இரண்டாவது சுற்றில் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். மூன்றாவது சுற்று அவளே கேட்டது.

இருபத்தாறு வருஷமாக நான் பல் செய்கிறேன். ஜன்னல் இல்லாத லேபில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களுக்கு மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்குகிறேன். அவர்கள் சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள், என்னை யாருக்கும் தெரியாது. வருத்தமாகச் சொல்லவில்லை, வேலை அப்படி. ஆனால் ஒரு தடவையாவது எனக்கென்று ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அதற்கு நீ ஐந்து வருஷக் கணக்கு அனுப்புகிறாய். ஐந்து வருஷத்துக்கு யார் கேட்டது? ஒரு வருஷத்துக்கு மட்டும் போட்டு அனுப்பு, போதும்.

கைச் சமாச்சாரத்தை விட்டுவிடு. அதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்று. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது. ஓடும்போது இல்லை.

அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணா,

வாங்கியாகிவிட்டது. இனி திட்டிப் பிரயோஜனமில்லை, மகாராணியைக் கவனிக்க வேண்டியதுதான்.

நின்றால் நடுங்குகிறது, ஓடினால் இல்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், எஞ்சின் மவுண்ட். எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் மெத்தைகள் அவை. பத்தொன்பது வருஷத்தில் ரப்பர் செத்துப் போயிருக்கும், எஞ்சினின் உதறல் நேராக உன் கைக்கு வருகிறது. உன் தெரு மெக்கானிக், அந்தக் கண்ணாடிக்காரர், நல்ல வேலைக்காரர் என்று அண்ணி சொன்னார்கள். அவரிடம் விடு. ஒரிஜினல் பாகம்தான் போடச் சொல். வெளியூரிலிருந்து வர வேண்டும், மூன்று வாரம் ஆகும், விலையைக் கேட்டு மயங்காதே.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பழைய பில்லில் பார். பெல்ட் அறுந்தால் எஞ்சின் உள்ளுக்குள்ளேயே தன்னை உடைத்துக்கொள்ளும், அப்புறம் வண்டியை எடைக்குத்தான் போட வேண்டும். டயரின் பக்கவாட்டில் தேதி இருக்கும், அதையும் பார். தடிமன் இருந்தாலும் வயதான டயர் ஆபத்து.

ஒரு சந்தேகம். மகாராணிக்குப் பெட்ரோல் போட்டதில் பேப்பருக்குக் காசில்லையா? இவ்வளவு பொடியாக எழுதியிருக்கிறாய். எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கின ஆள் நீ.

தங்கை


மார்ச் 22

வாலுக்கு,

மவுண்ட் வந்தது, மாட்டியாகிவிட்டது. விலை என் ஒரு மாதச் சம்பளம், கூலி தனி. பெல்ட் ஐந்து வருஷத்துக்கு முன்பு மாற்றியிருக்கிறார்கள். இன்னும் ஒரு வருஷம் தாங்கும், அதற்கு மேல் தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்றார் கண்ணாடிக்காரர். டயர் நாலும் வழவழவென்று புதிதாகத் தெரிந்தன, தேதியைப் பார்த்தால் ஒன்பது வயது. அதையும் மாற்றினேன். பிறகு பேட்டரி. பிறகு ஒரு நாள் காலை வண்டிக்குக் கீழே குளம், தண்ணீர்க் குழாய். உன் அண்ணி சமையலறைச் சுவரில் இருந்த நாள்காட்டியைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக்காரரின் விசிட்டிங் கார்டை ஒட்டியிருக்கிறாள். "இவரைத்தான் இப்ப தினமும் பார்க்க வேண்டியிருக்கு" என்கிறாள்.

ஆனால் அவள் கோபமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைவிட முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிக்னலில் நடுக்கம் அப்படியே இருக்கிறது. கண்ணாடிக்காரர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்" என்றார். அவர் கை காய்த்துப் போன கை, மெல்லிய நடுக்கமெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்? கோளாறு வேறெங்கோ இருக்கிறது. நீ யோசித்துச் சொல். எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, செய்துவிடலாம்.

அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

"எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை" என்று நீ எழுதினதை இரண்டு தடவை படித்தேன். ஓட்டலில் பில் வந்தால் வரி வரியாகக் கூட்டிப் பார்க்கிற ஆள் நீ. உனக்கு என்ன ஆயிற்று?

என் தொழில் மானம் போகிறது. மவுண்ட் என்று அடித்துச் சொன்னேன், இல்லை. அடுத்த சந்தேகம் இக்னிஷன் காயில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி கொடுப்பது. ஆறில் ஒன்று சோர்ந்துபோனாலும் நிற்கும்போது எஞ்சின் தடுமாறும். ஆறையும் மாற்றச் சொல். அதோடு நான் கேட்பதற்கு உள்ளபடி பதில் எழுது. யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல், மெக்கானிக்கிடம் சொல்லாதே.

எந்த வேகத்தில் நடுக்கம் நிற்கிறது? இரண்டு கையிலும் தெரிகிறதா, ஒன்றில் மட்டுமா? சீட்டிலும் தரையிலும் தெரிகிறதா? எஞ்சினை அணைத்த பிறகு என்ன ஆகிறது?

உன் கடிதத்தைப் படிக்க ஒர்க் ஷாப்பில் இருக்கிற பூதக்கண்ணாடியை எடுக்க வேண்டியிருந்தது. அதில் தீப்பொறி பிளக்கின் வெடிப்பைத்தான் பார்ப்போம்.

தங்கை


ஏப்ரல் 18

வாலுக்கு,

காயில் ஆறும் மாற்றியாகிவிட்டது. எஞ்சின் இன்னும் பட்டுப் போல ஓடுகிறது என்று கண்ணாடிக்காரர் சொல்கிறார். நடுக்கம் இருக்கிறது.

உன் கேள்விகளுக்கு. வண்டி நகர்ந்து, நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தவுடன் நின்றுவிடுகிறது. சீட்டில் தெரியவில்லை, தரையிலும் இல்லை. வலது கையில் மட்டும். கடைசிக் கேள்வியை நான் சோதித்துப் பார்க்கவில்லை.

லேபில் எனக்குப் புது விளக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மேஜை ஆடுகிறது என்று சொன்னேன், அதற்கும் கட்டை வைத்தார்கள். முன்பற்களை இப்போது புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுக்கிறார் முதலாளி. நான் அச்சு வார்க்கிறேன். "கொஞ்சம் ஓய்வா இருக்கட்டும்னுதான்" என்றார். நல்ல மனுஷன்.

பிரேக்கைப் பார்க்கலாமா? பிரேக் டிஸ்க் வளைந்திருந்தால் நடுங்கும் என்று எங்கோ படித்தேன். வாங்கிவிடட்டுமா?

அண்ணன்


ஏப்ரல் 24

அண்ணா,

பிரேக் டிஸ்க் வாங்காதே. எதையும் வாங்காதே.

நேற்று மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு உன் கடிதங்களை வேலை மேஜையில் தேதி வாரியாகப் பரப்பினேன். வெர்னியரை எடுத்தேன். பிஸ்டன் அளக்கிற கருவி, உன் எழுத்தை அளந்தேன். பிப்ரவரியில் உன் "அ" மூன்று மில்லிமீட்டர். மார்ச்சில் இரண்டரைக்கும் குறைவு. இப்போது வந்த கடிதத்தின் முதல் வரியில் இரண்டு, கடைசி வரியில் ஒன்று. ஒரே பக்கத்துக்குள் தேய்ந்துகொண்டே போகிறது. இரண்டு மாதமாக இதை வைத்துக் கேலி செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஒர்க் ஷாப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு வண்டி பழுது பார்த்திருக்கிறேன். அவர் செக்கில் எழுதும் எழுத்தும் இப்படித்தான் சுருங்கியது, அப்புறம் நரம்பு வியாதி என்றார்கள். நான் டாக்டர் இல்லை, தப்பாக இருக்கலாம். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் ராத்திரியிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு சோதனை. அண்ணியை ஓட்டுகிற சீட்டில் உட்கார வைத்து எஞ்சினை ஓடவிடு. நடுங்குகிறதா என்று அவர்கள் சொல்லட்டும். அப்புறம் நீ உட்கார். எஞ்சினை அணை. வலது கையை ஸ்டியரிங் மேல் சும்மா வை. ஒரு நிமிஷம் இரு.

தயவுசெய்து தனியாகச் செய்யாதே.

தங்கை


மே 6

வாலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை செய்தேன். உன் அண்ணி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்து, "நடுக்கமே இல்லையே. பூனை மடியில இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள். இடம் மாறினோம். எஞ்சினை அணைத்தேன். கையை வைத்தேன். அவள் சாவியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். "எத்தனை நாளா?" என்றாள். என் கை மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே இருந்தாள்.

போன ஆகஸ்டிலிருந்து. கடைவாய்ப் பல்லின் குழியைச் செதுக்கும்போது கத்தி நான் சொன்ன இடத்துக்குப் போகத் தாமதித்தது. கண்ணாடி சரியில்லை என்று நினைத்தேன், மாற்றினேன். விளக்கு என்றேன், மேஜை என்றேன். டிசம்பரில் ஒருவருடைய ஆறு முன்பற்கள் திரும்பி வந்துவிட்டன, கடி சேரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அப்படி வந்ததில்லை. அதற்கு அடுத்த மாதம்தான் நீ போனில் அந்தக் கையைப் பற்றிச் சொன்னாய். உனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது, தெரியவில்லை என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியை ஏன் வாங்கினேன் என்று நீ கேட்கவே இல்லை. கை சொன்னபடி கேட்கும்போதே நல்ல வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்றுதான். அதனால்தான் ஒரு வருஷக் கணக்கு கேட்டேன். பிறகு சிக்னலில் ஸ்டியரிங் நடுங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பழைய வண்டி, நடுங்கத்தான் செய்யும். நீயே எழுதிவிட்டாய், மவுண்ட் என்று. ஒவ்வொரு பில்லையும் சந்தோஷமாகக் கட்டினேன். கோளாறு வண்டியில் இருக்கிறவரை அது என்னிடம் இல்லை.

வியாழக்கிழமை நரம்பு டாக்டரிடம் போனோம். காகிதத்தில் ஒரு சுருள் வரையச் சொன்னார். வரைந்தேன். உள்ளே போகப் போக வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பார்க்கின்சன் என்றார். ஆரம்பம்தான், மாத்திரை இருக்கிறது, இப்போதைக்கு வண்டி ஓட்டத் தடையில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துச் சொல்கிறேன் என்றார். எழுத்துப் பயிற்சிக்கு ஒரு பெண்ணிடம் அனுப்பியிருக்கிறார்.

வண்டியை விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன். உனக்குத் தெரிந்த யாராவது வாங்குவார்களா, பார். போனில் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் தாங்க மாட்டேன்.

அண்ணன்


மே 12

அண்ணா,

உன் கடிதத்தை ஒர்க் ஷாப்பில் நின்றுகொண்டே படித்தேன். ஒரு லாரியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டு அழுதேன். அங்கே போனால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

முதலில் என் தப்பு. கழற்றின பழைய மவுண்ட்களைக் கண்ணாடிக்காரர் பத்திரமாக வைத்திருந்தார், எனக்குப் படம் அனுப்பினார். ரப்பரில் ஒரு கீறல் இல்லை. நல்ல பாகத்தைப் பார்க்காமலேயே கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். காயிலும் அப்படித்தான். வண்டியைத் தொடாமல் கோளாறு சொல்லக் கூடாது என்பது என் கடைச் சட்டம். அன்றைக்குக் கோபத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தில் பார்த்திருப்பேன். மூன்று மாதம் வீணாகிவிட்டது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அந்த ஸ்குரூ டிரைவர் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். இந்தத் தடவை நிஜமாக.

வண்டியை வாங்க ஆள் இருக்கிறது. புது டயர், புது மவுண்ட், புது காயில், இதைவிட நல்ல நிலையில் ஒன்று அவனுக்குக் கிடைக்காது. நீ சொன்னால் அடுத்த வாரமே எடுத்துக்கொள்வான். விற்பது என்றால் பெல்ட்டைத் தொட வேண்டாம், வாங்குகிறவனிடம் சொல்லிவிடலாம். நீ கேட்ட மாதிரி ஒரே ஒரு வருஷம் வைத்துக்கொள்வது என்றாலும் தொட வேண்டாம், பழைய பெல்ட்டே தாங்கும். அதற்கு மேல் வைத்துக்கொள்வது என்றால் இப்போதே மாற்ற வேண்டும். இரண்டு நாள் வேலை. அதை நான்தான் செய்வேன், கண்ணாடிக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் இடம் தருகிறார்.

இருபத்தேழாம் தேதி எப்படியும் வருகிறேன். பெல்ட்டோடு வருவதா, வெறுங்கையோடு வருவதா என்பதை மட்டும் எழுது. நான் யோசனை சொல்லப் போவதில்லை, ஒரு தடவை சொல்லிப் பட்டது போதும்.

இன்னொன்றையும் எழுது. பயமாக இருக்கிறதா? என்னிடம் சொல்லலாம்.

தங்கை


மே 19

வாலுக்கு,

நாலு கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது. எழுத்து மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் தொட வேண்டும் என்று பயிற்சிக்காரம்மா சொல்லியிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் கொஞ்சம்தான் பிடிக்கிறது, அதனால் சுருக்கமாக.

பயமாக இருக்கிறது.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன்.

ஒரு வருஷக் கணக்கு வேண்டாம். நீ முதலில் போட்ட ஐந்து வருஷக் கணக்கே இருக்கட்டும்.

பெல்ட் வாங்கிக்கொண்டு வா.

அண்ணன்